பழைய டீசல் ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டாவில் டைமிங் செயின் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தெந்த வண்டிக்குப் பொருந்தும்?

ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின் உள்ள வண்டிகளுக்கு. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கையும், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேமையும் இணைத்து, இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் சுற்ற வைக்கும் சங்கிலிதான் டைமிங் செயின். 1248 சி.சி., நான்கு சிலிண்டர், 16 வால்வு. இங்கே ஊர் முழுக்க ஓடியதால் இதற்குத் ‘தேசிய எஞ்சின்’ என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. மாருதி இதை டிடிஐஎஸ் என்று 2007இல் ஸ்விஃப்டில் கொண்டுவந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ் என்று போனது. டாடாவில் இதற்குக் குவாட்ராஜெட் என்று பெயர். விஸ்டா, மான்ஸாவில் இருக்கும். ஃபியட் புன்டோ, லீனியா சொல்லவே வேண்டாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை மாசு விதி வந்தபோது மாருதி டீசலை விட்டுவிட்டது. ஆக, இன்று ஓடும் மாருதி டீசல் வண்டிகள் எல்லாமே வயதானவைதான்.

என்னுடையது பெட்ரோல் ஸ்விஃப்ட். அதிலும் செயின்தானா?

வருடத்தைப் பாருங்கள். 2005இல் வந்த முதல் ஸ்விஃப்டின் 1.3 பெட்ரோல் எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட். 2010இல் 1.2 கே-சீரீஸ் எஞ்சின் வந்தபிறகுதான் செயின். ஒரே பெயர், ஒரே பாடி, உள்ளே வேறு வேறு. அதனால் ‘ஸ்விஃப்ட் என்றால் செயின்’ என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

மாருதி 800, ஆம்னி, பழைய ஜென், எஸ்டீம், சான்ட்ரோ, இண்டிகா 1.4 டீசல், இன்னோவா 2.5 எல்லாம் பெல்ட். ஆல்டோ கே10, ஐ10 கப்பா 1.2 ஆகியவை செயின். பெல்ட் வண்டிக்குக் கணக்கு சுலபம்: கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வந்ததும் கேள்வி கேட்காமல் மாற்றிவிட வேண்டும். செயினுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. குழப்பமே அங்கேதான்.

செயின் ஆயுசுக்கும் வரும் என்கிறார்களே?

யார் ஆயுசு என்று கேட்க வேண்டும். ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டியில் 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் சத்தமில்லாமல் ஓடும் செயின் உண்டு. ஆயில் மாற்றாமல் இழுத்தடித்த வண்டியில் அதில் பாதிகூட ஓடாமல் கிலுகிலுக்கும் செயினும் உண்டு. இந்தச் செயின் முழுக்க முழுக்க எஞ்சின் ஆயிலில் வாழ்கிறது. அதை விறைப்பாகப் பிடித்திருக்கும் டென்ஷனர் வேலை செய்வதும் ஆயில் அழுத்தத்தில்தான். டீசல் எஞ்சினில் புகைக்கரி ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். அந்தக் கரி கலந்த ஆயில் செயினின் ஒவ்வொரு பின்னையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறது.

இந்த எஞ்சினுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. ஆயில் கொள்ளளவே 3 லிட்டர் சுற்றித்தான். அரை லிட்டர் குறைந்தால் ஆறில் ஒரு பங்கு போயாயிற்று. டிப்ஸ்டிக்கை மாதம் ஒருமுறைகூடப் பார்க்காதவர் வண்டியில் செயின் சீக்கிரம் போவதில் ஆச்சரியமில்லை.

இரும்புச் செயின் எப்படி நீளும்?

ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் உள்ள பின்னும் அது சுழலும் துளையும் தேய்கின்றன. ஓர் இணைப்பில் 0.02 மி.மீ. தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. 100 இணைப்புகளில் அது 2 மி.மீ. ஆகிவிடும். டென்ஷனர் தன் தண்டை நீட்டி நீட்டி அந்தத் தளர்ச்சியை விழுங்கிக்கொண்டே வரும். அதன் நீளம் தீர்ந்தபிறகு, செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டையான கைடில் அடிக்க ஆரம்பிக்கும். நமக்குக் கேட்கும் சத்தம் அதுதான்.

கழற்றிய பழைய செயினையும் புதியதையும் அகலவாக்கில் படுக்க வைத்து ஒரு முனையைக் கையில் பிடித்துப் பாருங்கள். புதியது ஏறக்குறைய நேராக நிற்கும். பழையது வில்லாக வளைந்து தொங்கும். மெக்கானிக் பில் நீட்டும்போது இந்த ஒரு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். வேலை அவசியமானதா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

என்ன சத்தம் வந்தால் சந்தேகப்பட வேண்டும்?

காலையில் முதல் ஸ்டார்ட். அந்த முதல் இரண்டு மூன்று விநாடிகள். ராத்திரி முழுக்க நின்றதில் டென்ஷனரில் இருந்த ஆயில் இறங்கியிருக்கும். அழுத்தம் ஏறும்வரை செயின் தொளதொளவென்று ஓடும். சில்லறையைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கின மாதிரி கரகரவென்று ஒரு சத்தம், கிராங்க் புல்லி இருக்கும் வலப்பக்கத்திலிருந்து வரும். ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். அடங்கிவிடுவதால்தான் பலர் கவலைப்படுவதில்லை.

அடுத்த கட்டத்தில் ஐடிலிலும் சத்தம் நிற்காது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது ஒரு கிலுகிலுப்பு கேட்கும். அதற்கும் அடுத்து ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், இழுவை குறையும், செக் எஞ்சின் விளக்கு எரியும்.

‘டீசல் வண்டி அப்படித்தான் சத்தம் போடும், இன்ஜெக்டர் சத்தம்’ என்கிறார் மெக்கானிக். எப்படி உறுதி செய்வது?

இன்ஜெக்டர் சத்தம் எஞ்சினின் மேல்பக்கம், டக் டக் என்று தாளம் தவறாமல் வரும். செயின் சத்தம் பக்கவாட்டில், ஒழுங்கில்லாமல் உரசும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை டைமிங் கவரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் வித்தியாசம் பிடிபடும். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் துண்டு, துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு எதுவும் வேண்டாம்.

அதே பக்கத்தில் ஆல்டர்னேட்டர் புல்லி, வாட்டர் பம்ப் பேரிங், ஐட்லர் புல்லி எல்லாமே உள்ளன. இவற்றில் எது தேய்ந்தாலும் சத்தம் அங்கிருந்துதான் வரும். அதனால் வெளியே இருக்கும் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த எஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் வெளிச் சாமான், செலவு குறைவு. சத்தம் அப்படியே இருந்தால் உள்ளே. பெல்ட் இல்லாமல் வாட்டர் பம்ப் சுற்றாது, ஆகவே நீண்ட நேரம் ஓட்டக்கூடாது.

ஸ்கேனரில் தெரியுமா?

தெரியலாம். கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் பி0016 என்ற கோடு, அதாவது பிழைக் குறியீடு, விழும். பி0340, பி0341 கேம் சென்சார் தொடர்பானவை. இவை வந்ததும் பல இடங்களில் சென்சாரை மாற்றிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். சென்சார் புதிது, கோடு மறுபடி விழுகிறது, குளிர்ந்த ஸ்டார்ட்டில் சத்தமும் இருக்கிறது என்றால் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கோடு எதுவும் இல்லை என்பதற்காகச் செயின் நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை.

இரண்டு விநாடி சத்தம்தான். இன்னும் எவ்வளவு ஓட்டலாம்?

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். குறைவாகவோ கரியாகவோ இருந்தால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டுக் கவனியுங்கள். சில வண்டிகளில் அதிலேயே சத்தம் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அடுத்த மாதத்துக்குள் நேரம் ஒதுக்கி மாற்றுங்கள். ஐடிலிலும் சத்தம் வந்துவிட்டால் மாதக்கணக்கு பேச வேண்டாம். வண்டியை நிறுத்திவிடுவதுதான் என் யோசனை.

அதுவரை இரண்டு விஷயத்தைத் தவிருங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏற்காடு, ஊட்டி போன்ற சரிவில் கியரை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். வண்டி பின்னால் உருண்டால் எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றும். அப்போது செயினின் தளர்ந்த பக்கம் மாறிப்போய், செயின் பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டிவிட வழி இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வையுங்கள்.

டென்ஷனர் மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. தேய்ந்த செயினுக்குப் புது டென்ஷனர் போட்டால் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், அவ்வளவுதான். செயின், டென்ஷனர், இரண்டு கைடுகள், ஸ்ப்ராக்கெட்டுகள் (செயின் மாட்டும் பல்சக்கரங்கள்), கிராங்க் முன் ஆயில் சீல் எல்லாம் ஒரே தடவை மாற வேண்டும். கூலிதான் பெரிய செலவு, சாமான் இல்லை. தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அந்தப் பல் வடிவத்துக்கே செயினும் தேயும். கழற்றிய கைடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். செயின் ஓடிய இடத்தில் பிளாஸ்டிக்கில் இரண்டு கோடுகள் பள்ளமாக விழுந்திருக்கும்; ஓரம் பிய்ந்திருந்தால் அந்தத் துண்டு எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில் கிடக்கும்.

எஞ்சினை இறக்க வேண்டுமா? உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

இறக்க வேண்டியதில்லை, ஆனால் இடம் நெருக்கடி. முன் வலச் சக்கரத்தையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் கழற்றி, ஆயிலை வடித்து, எஞ்சினுக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிட்டு வலப்பக்க மவுண்டைக் கழற்றுவார்கள். ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி வெளியே வரும். கிராங்க் போல்ட் பயங்கர இறுக்கமாக இருக்கும். அது எந்தத் திசையில் கழல்கிறது என்பதை ஒர்க்‌ஷாப் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் நீளக் குழாயை மாட்ட வேண்டும்.

அடுத்து ஆயில் சம்ப். ‘செயின் மாற்ற சம்ப்பை எதற்கு இறக்குகிறீர்கள்’ என்று சண்டை போடுபவர்கள் உண்டு. டைமிங் கவர் கீழே சம்ப்பின் மேல்தான் உட்காருகிறது. சம்ப் இறங்கினால்தான் கவர் சுத்தமாக வரும், சுத்தமாகத் திரும்ப ஒட்டும். ஆயில் பம்ப்பும் அந்தக் கவரிலேயே இருக்கிறது. சம்ப் இறங்கியதால் கிடைக்கும் லாபம்: பம்ப் ஆயில் உறிஞ்சும் இடத்து வலையான ஸ்ட்ரெயினரைப் பார்க்கலாம். கரியும் பழைய சீலன்ட் துணுக்கும் பிளாஸ்டிக் தூளும் அதில் அடைத்திருந்தால், செயின் ஏன் தேய்ந்தது என்பதற்கு விடையே அங்கே இருக்கும்.

திரும்ப மூடும்போது அனபாண்ட் மாதிரி சிலிகானை இரண்டு முகத்தையும் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கியபிறகு ஒரே மெல்லிய கோடாகப் போட வேண்டும். ‘ஒழுகக்கூடாது’ என்று தாராளமாக அப்பினால், மிஞ்சியது உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, ஸ்ட்ரெயினரில்தான் போய் உட்காரும்.

லாக் டூல் இல்லாமல் பெயிண்ட் மார்க் போட்டே செய்துவிடலாம் என்கிறாரே மெக்கானிக்?

இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்டுகளை அசையாமல் பூட்டவும் ஃப்ளைவீலைப் பூட்டவும் தனித்தனி லாக் பின்கள் உண்டு. பழைய செயின் ஏற்கெனவே நீண்டிருக்கிறது, ஒருவேளை ஒரு பல் தாண்டியும் இருக்கலாம். அந்த நிலையில் பெயிண்ட் அடித்து அதே இடத்தில் புதுச் செயினை மாட்டினால், பழைய தப்பைப் புதுச் செயினிலும் பத்திரமாக ஏற்றி வைத்ததாகத்தான் ஆகும். பின் எஞ்சினின் சரியான நிலையில் மட்டுமே உள்ளே போகும். பெயிண்ட் எங்கே வேண்டுமானாலும் ஒட்டும்.

கேம் ஸ்ப்ராக்கெட்டில் 40 பல் இருந்தால் ஒரு பல் என்பது கேமில் 9 டிகிரி. கேம் ஒரு சுற்று சுற்ற கிராங்க் இரண்டு சுற்று சுற்றுகிறது, ஆக கிராங்க்கில் அது 18 டிகிரி. டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் இருக்கும் இடைவெளி மிகச் சொற்பம். கண் மதிப்புக்கு அங்கே இடமில்லை.

லாக் பின்னை நம்பி போல்ட்டை முறுக்குவதும் தப்பு. பின் நிலையைக் காட்டத்தான். முறுக்கு விசையைத் தாங்க ஸ்ப்ராக்கெட்டைப் பிடிக்கும் கருவி வேறு. வளைந்துபோன பின்னை நம்பி டைமிங் வைத்து மூடிய எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஒருநாளும் சரியாக இழுக்காது.

புதுச் செயினில் சில இணைப்புகள் மட்டும் வேறு நிறத்தில் இருக்கின்றன. அது எதற்கு?

ஸ்ப்ராக்கெட்டில் உள்ள குறிக்கு நேராக உட்கார வைப்பதற்கு. மாட்டி முடித்து, டென்ஷனரின் பூட்டு ஊசியை எடுத்துவிட்டு (இதை மறந்து கவரை மூடியவர்கள் உண்டு), கிராங்க்கை எஞ்சின் சுழலும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது கட்டையாகத் தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், நெம்பக்கூடாது. சுற்றியபிறகு நிற இணைப்புகள் குறியிலிருந்து விலகியிருக்கும். பதற வேண்டாம், அவை மறுபடி நேராக வரப் பல சுற்று ஆகும். பார்க்க வேண்டியது லாக் பின்கள் மறுபடி வழுக்கிக்கொண்டு உள்ளே போகின்றனவா என்பதைத்தான்.

வீட்டிலேயே செய்யலாமா?

அம்பாசடர் என்றால் தைரியமாகச் சொல்வேன். 1489 சி.சி. எஞ்சினில் கேம்ஷாஃப்ட் பிளாக்கிலேயே கீழே இருக்கிறது, குட்டிச் செயின். ரேடியேட்டரைக் கழற்றிவிட்டால் நேராக நின்றுகொண்டே வேலை செய்யலாம். இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் புள்ளிகளும் எதிரெதிரே பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மல்டிஜெட்டுக்கு லாக் டூல், டார்க் ரெஞ்ச், டிகிரி முறுக்குக் கருவி, நல்ல ஜாக்கி ஸ்டாண்டு, இரண்டு நாள் பொறுமை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கையேடு வேண்டும். ஏற்கெனவே ஹெட் (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பாகம்) இறக்கிப் பழகியவர் செய்யலாம். முதல் வேலையாக இதைத் தொட வேண்டாம்.

பைபாஸில் ஓடிக்கொண்டிருக்கும்போதே செயின் அறுந்து வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் போச்சா?

‘ஒரு செல்ஃப் அடித்துப் பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பாதீர்கள். டோ செய்யுங்கள்.

இந்த எஞ்சினில் ஒரு ஆறுதல் உண்டு. கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் 16 ராக்கர்கள்தான் பல சமயம் முதலில் உடைகின்றன. பிஸ்டன் வால்வை முட்டும்போது ராக்கர் ஒடிந்து விலகிவிடுவதால் வால்வு வளையாமல் தப்பிக்க வாய்ப்பிருக்கிறது. அதனால் ‘ஹெட் முழுசா போச்சு, எஞ்சினே மாத்திடலாம்’ என்று பார்க்காமலே சொல்பவரிடம் சரி என்று தலையாட்ட வேண்டாம். கேம் ஹவுசிங்கைத் திறந்து, உடைந்த ராக்கர்களை மாற்றி, டைமிங் வைத்தபிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று கொடுத்துக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். நான்கிலும் காற்று நின்றால் ஹெட் இறக்க வேண்டியதில்லை. ஏதோ ஒன்றில் சைலன்சர் வழியாகவோ இன்டேக் வழியாகவோ உஸ் என்று வந்தால் அந்த வால்வு வளைந்திருக்கிறது.

உடைந்த ராக்கர் துண்டுகளைத் தட்டில் வைத்து, ஒவ்வொன்றையும் முழு உருவமாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அது உள்ளேதான் இருக்கிறது, கிடைக்கும்வரை மூடக்கூடாது.

சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் பழைய எஞ்சின் கிடைக்கும்தான். ஆனால் அந்த எஞ்சினின் செயின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. வாங்கினால், வண்டியில் ஏற்றுவதற்கு முன் வெளியிலேயே வைத்துச் செயின் கிட்டை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

சாமான் கம்பெனி ஒரிஜினலா, வெளி மார்க்கெட்டா?

செயின் செய்வது நம் ஊருக்குப் புதிதல்ல. அம்பத்தூரில் டிஐ டைமண்ட் செயின் இருக்கிறது, கோவையில் ரோலான் செயின் செய்யும் எல்ஜிபி இருக்கிறது. பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் முழுக் கிட் என்றால் நம்பலாம். நான் தவிர்ப்பது பெயரில்லாத வெள்ளை டப்பா கிட்டுகளை. அவற்றில் முதலில் காலை வாருவது பெரும்பாலும் டென்ஷனர்தான். செயினில் சிக்கனம் பார்த்தே தீர வேண்டும் என்றாலும் டென்ஷனரை ஒரிஜினலாகப் போடுங்கள். கடையில் சேஸிஸ் நம்பர் கொடுத்துக் கேளுங்கள்; 75 குதிரைத்திறன், 90 குதிரைத்திறன் என்று இரண்டு வகை ஓடுகின்றன, சாமானை ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.

எஸ்டிமேட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

‘டைமிங் செயின் வேலை’ என்று ஒரே வரியில் ஒரு தொகை போட்டிருந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள். கிட்டில் என்னென்ன, ஆயில் சீல் உண்டா, கிராங்க் போல்ட் புதிதா, ஆயிலும் ஃபில்டரும் சேர்த்தா, லாக் டூல் அவரிடம் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு அவர் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். டர்போ, கிளட்ச் எல்லாம் சேர்த்துச் செய்யலாம் என்று சொன்னால் அவசரப்பட வேண்டாம். இந்த வேலையோடு கூலி மிச்சமாகும் சாமான்கள் ஃபேன் பெல்ட், ஐட்லர், வாட்டர் பம்ப் மட்டுமே.

பழைய டீசல் டிசையர் வாங்கப் போகிறேன். செயினை எப்படிச் சோதிப்பது?

காலையில் போங்கள். ‘நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று முன்னாடியே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால், விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். குளிர்ந்திருந்தால் பானெட்டைத் திறந்து வைத்து, அவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் வலப்பக்கம் நின்று கேளுங்கள். பிறகு ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலை ஓட்டுங்கள். டீசல் ஆயில் கறுப்பாக இருப்பது சகஜம். கெட்டியான தார் மாதிரி படிந்திருந்தால் விலையில் செயின் செலவைக் கழித்துப் பேசுங்கள். டாக்ஸியாக ஓடிய வண்டி என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். தினமும் நெடுந்தூரம் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய டாக்ஸியின் செயின், வாரத்துக்கு ஒருநாள் கோயிலுக்கு மட்டும் போன வீட்டு வண்டியினுடையதைவிட நன்றாக இருக்கக்கூடும்.

மாற்றியபிறகு முதல் ஸ்டார்ட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

ஆயில் பம்ப்பில் கொஞ்சம் ஆயில் ஊற்றித்தான் கவரை மாட்டியிருக்க வேண்டும். பிறகு இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு, ஐந்தைந்து விநாடியாக விட்டு விட்டுச் செல்ஃப் அடித்தால் ஆயில் ஏறும். ஆயில் விளக்கு அணைந்தபிறகு கனெக்டர்களை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். முதல் முறை ஓரிரு விநாடி கரகரப்பு இருந்தால் பரவாயில்லை, டென்ஷனர் நிரம்பிக்கொண்டிருக்கிறது. மறுநாள் காலையும் அதே சத்தம் என்றால் வண்டியைத் திருப்பி எடுத்துப் போங்கள். ஸ்கேனரில் பழைய கோடுகளை அழித்துவிட்டு வாங்குங்கள்.

கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றுங்கள். வேலைக்குப் பின் முதல் ஆயிலை மட்டும் 1,000 கிலோமீட்டரிலேயே வடித்துவிடலாம். சிலிகான் துணுக்கு, உலோகத் தூள் எல்லாம் அதோடு வந்துவிடும். அதன்பிறகு நகர நெரிசலிலேயே ஓடும் வண்டி என்றால் 10,000 வரை காத்திருக்காமல் 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள்.